வான்படப் பொருத்தம்

வான்படப் பொருத்தம் என்பது விமானம், செயற்கைக்கோள், ட்ரோன் ஆகியவற்றிலிருந்து எடுக்கப்பட்ட பல ஒளிப்படங்களை ஒன்றோடொன்றும், பின்னர் நிலத்தோடும் இசையவைக்கும் முறை. ஒளிப்படங்களிலிருந்து அளவுகளைப் பெறும் போட்டோகிராமெட்ரி துறையின் முதல் வேலை இது. இது சரியாக அமைந்தால்தான் வரைபடம், உயர மாதிரி, பரப்பளவு, கொள்ளளவு ஆகியவை சரியாக அமையும். இன்று இந்த வேலையை மென்பொருள் சில மணிநேரங்களில் செய்துவிடுகிறது. ஆனால் எல்லாப் படங்களும் எளிதில் பொருந்துவதில்லை. ஒரேமாதிரியான கூரைகள், நீர்ப்பரப்பு, காற்றில் அசையும் தோப்புகள் ஆகியவை கொண்ட நிலங்கள் கடினமானவை. திருப்பூர் மாவட்டத்தில் இவை அனைத்தும் அருகருகே உள்ளன.

இத்துறையின் வரலாறு, படங்களைப் பொருத்தும் கருவிகளின் வரலாறு மட்டும் அல்ல. பொருந்தியது சரிதானா என்று தனியாகச் சோதித்துப் பார்க்கும் பழக்கத்தின் வரலாறும்கூட.

முன்வரலாறு: சங்கிலியும் கோபுரமும்

வான்படங்களுக்கு முன்பு நிலத்தை அளக்க முக்கோண அளவீடு பயன்பட்டது. ஒரு அடிக்கோட்டைச் சங்கிலியால் மிகத் துல்லியமாக அளந்துகொண்டு, அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு புள்ளியைத் தியோடலைட் கருவியால் நோக்கிக் கோணங்களைக் குறித்தால், அப்புள்ளியின் தொலைவைக் கணக்கிடலாம். இவ்வாறு முக்கோணங்களை அடுக்கிக்கொண்டே சென்றால் ஒரு நாட்டையே அளந்துவிடலாம்.

இந்தியாவின் பெரும் முக்கோண அளவீட்டுக்கு அடிப்படையான பணியை வில்லியம் லாம்ப்டன் 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலை அருகே தொடங்கினார். அங்கே அளக்கப்பட்ட அடிக்கோட்டின் நீளம் சுமார் ஏழரை மைல். இதற்காக லண்டனில் செய்யப்பட்ட பெரிய தியோடலைட் ஏறக்குறைய அரை டன் எடையுள்ளது. அது கப்பலில் வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி, மொரீஷியசுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பின்னரே சென்னை வந்து சேர்ந்தது.

லாம்ப்டன் 1804இல் பெங்களூரு அருகே இன்னொரு அடிக்கோட்டை அளந்தார். முக்கோணக் கணக்கின்படியே அக்கோட்டின் நீளத்தைப் பெற முடியும் என்னும்போது மறுபடி சங்கிலியைப் பிடித்தது கணக்கைச் சோதிப்பதற்காகவே. கணக்கிட்ட நீளத்துக்கும் அளந்த நீளத்துக்கும் இடையே சில அங்குலங்களே வேறுபாடு இருந்தது. இத்தகைய கோடு சரிபார்ப்பு அடிக்கோடு எனப்பட்டது. பின்னாளில் வான்பட அளவீட்டில் சரிபார்ப்புப் புள்ளி என்ற பெயரில் தொடர்வது இதே வழக்கம்தான்.

காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லை. தென்னையும் பனையும் பார்வைக் கோட்டை மறைத்தன. ஆகவே கோபுரங்கள் நோக்குநிலைகளாகப் பயன்பட்டன. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து தியோடலைட் சுவரில் மோதிச் சேதமடைந்தது. லாம்ப்டன் பல வாரங்கள் உழைத்து அதைச் சீர்செய்தார். தமிழ்நிலத்தில் மரங்களும் சமதளமும் அளவையாளருக்குத் தந்த இடையூறு, கருவி மாறியபின்பும் வேறு வடிவில் தொடர்ந்தது.

இப்பணிகளுக்குச் சற்று முன்பு, 1794இல், சென்னையில் மைக்கேல் டாப்பிங் எட்டு மாணவர்களுடன் ஒரு நில அளவைப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரியானது. இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதியான அவ்வளாகத்தில் தொலையுணர்வும் போட்டோகிராமெட்ரியும் பயிற்றுவிக்கப்படுகின்றன.

ஒளிப்படம் அளவுகோலாதல்

பிரான்சில் எமே லோசெடா 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒளிப்படங்களைக் கொண்டு நிலப்படம் வரையும் முயற்சிகளைச் செய்தார். 1858இல் நாடார் என்னும் பெயரில் அறியப்பட்ட பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் பலூனிலிருந்து முதல் வான்படத்தை எடுத்தார். அதே ஆண்டு ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் மைடன்பவர் என்னும் கட்டடக் கலைஞர் வெட்ஸ்லார் நகரப் பேராலயத்தை அளக்கும்போது கோபுரத்திலிருந்து விழும் நிலைக்குச் சென்று உயிர்தப்பினார். தொட்டு அளப்பதற்கு மாறாகப் படத்தில் அளக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு அங்கே தோன்றியது. 1867இல் போட்டோகிராமெட்ரி என்னும் சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

இதன் அடிப்படை, முக்கோண அளவீட்டின் அதே வடிவியல்தான். ஒரே பொருளை இரண்டு இடங்களிலிருந்து எடுத்த படங்களில் அப்பொருள் வெவ்வேறு இடங்களில் விழும். இந்த இடமாறுதலிலிருந்து தொலைவைக் கணக்கிடலாம். அதற்கு இரண்டு செய்திகள் தேவை. ஒன்று, முதல் படத்தில் உள்ள எந்தப் புள்ளி இரண்டாவது படத்தில் எங்கே உள்ளது என்பது. மற்றொன்று, படம் எடுக்கும்போது கேமரா எங்கே இருந்தது, எப்பக்கம் சாய்ந்திருந்தது என்பது. வான்படப் பொருத்தம் இவ்விரண்டையும் கண்டறிவதாகும்.

1901இல் ஜெர்மனியின் யெனா நகரில் சைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய கார்ல் புல்ஃபிரிக், இரு கண்களாலும் இரு படங்களை ஒருசேர நோக்கி அளக்கும் ஸ்டீரியோகம்பரேட்டர் கருவியை உருவாக்கினார். பின்னாட்களில் அவர் ஒரு கண்ணின் பார்வையை இழந்ததால், இரு கண் பார்வையை நம்பிய அக்கருவியை அவராலேயே முழுமையாகப் பயன்படுத்த முடியாமல் போயிற்று.

முதல் உலகப்போர் வான்படக் கலையை விரைவாக வளர்த்தது. போருக்குப் பின் அது குடிமைப் பணிகளுக்கு வந்தது. 1924இல் பர்மாவின் ஐராவதி ஆற்றுக் கழிமுகக் காடுகள் ரொனால்டு கெம்பின் நிறுவனத்தால் வானிலிருந்து படமெடுக்கப்பட்டன. அன்றைய பிரித்தானிய இந்தியாவில் குடிமைப் பயனுக்காக நடந்த தொடக்ககால வான்பட அளவீடுகளில் இது முக்கியமானது.

ஆறு புள்ளிகள்

அதே 1924இல் ஓட்டோ ஃபான் குரூபர் இரண்டு வான்படங்களைப் பொருத்துவதற்கான ஒழுங்கான வழிமுறையை வெளியிட்டார். ஒரு படத்தை மற்றொன்றோடு இசைக்க ஐந்து அளவுகள் தெரிந்தால் போதும். ஆகவே ஐந்து புள்ளிகளில் இரு படங்களையும் பொருத்தினால் வேலை முடிந்துவிடும். ஆனால் குரூபர் ஆறு புள்ளிகளைக் குறித்தார். இரண்டு புள்ளிகள் படங்களின் நடுப்பகுதிகளில், நான்கு புள்ளிகள் ஓரங்களில். ஆறாவது புள்ளி சரிபார்ப்பதற்காக. மற்ற ஐந்தையும் பொருத்தியபின் ஆறாவதும் தானாகவே பொருந்தினால் வேலை சரி. குரூபர் புள்ளிகள் என்ற பெயரில் இம்முறை இன்றும் பாடநூல்களில் உள்ளது.

இம்முறைக்கும் கடினமான படங்கள் இருந்தன. ஏரியோ கடலோ படத்தின் பாதியை மறைத்தால் ஆறு புள்ளிகளில் சில நீரில் விழும். நீரில் பொருத்துவதற்கு எதுவும் இருக்காது. அப்போது கருவியாளர் கரையோரத்தில் வேறு புள்ளிகளைத் தேர்ந்து, கணக்கைத் திருத்தி வேலைசெய்தார். அடர்ந்த காட்டில் மர உச்சிகள் ஒரு படத்தில் தெரிந்தபடி மறு படத்தில் தெரியாது. எந்தப் புள்ளியை நம்பலாம், எதை விடவேண்டும் என்பது பழகிய கண்ணின் தீர்ப்பு.

அக்காலத்தில் விமானங்கள் 60 விழுக்காடு மேற்படிவுடன் படமெடுத்தன. அதாவது ஒவ்வொரு படமும் அடுத்த படத்தின் பாதிக்கும் மேற்பட்ட நிலத்தைக் காட்டும். பறக்கும் வரிசைகளுக்கு இடையே 20 முதல் 30 விழுக்காடு வரை பக்க மேற்படிவு இருக்கும். படச்சுருளுக்கும் கண்ணால் பொருத்தும் உழைப்புக்கும் ஆன செலவு இதற்குமேல் இடம்தரவில்லை.

கணக்குக்கு மாறிய பொருத்தம்

1950களில் அமெரிக்காவில் ஹெல்முட் ஷ்மிட், டுவேன் பிரவுன் ஆகியோர் எல்லாப் படங்களையும் ஒரே சமயத்தில் பொருத்தும் கணித முறையை வளர்த்தனர். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கேமராவுக்கு ஒரு ஒளிக்கதிர் வருகிறது. எல்லாப் படங்களின் கதிர்க் கற்றைகளும் ஒன்றுக்கொன்று மிகக் குறைந்த முரணோடு சந்திக்கும்படி கேமரா நிலைகளையும் நிலப்புள்ளிகளையும் ஒருசேரச் சரிசெய்வதே அம்முறை. இது கற்றைச் சரியாக்கம் எனப்படுகிறது. இன்றைய ட்ரோன் மென்பொருள்கள் அனைத்தின் மையமும் இதுவே. 1957இல் உனோ ஹெலவா கனடாவில் கணினியோடு இணைந்த வரைகருவியை முன்வைத்தார்.

இந்தியாவில் சர்வே ஆஃப் இந்தியா வான்படங்களைக் கொண்டு நிலப்படத் தாள்களைத் தயாரித்தது. வான்படங்களைப் படித்தறியும் பயிற்சிக்காக 1966இல் நெதர்லாந்தின் உதவியுடன் டேராடூனில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதுவே இன்றைய இந்தியத் தொலையுணர்வு நிறுவனம். 2005 மே 5 அன்று ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோள் முன்னோக்கி 26 பாகையும் பின்னோக்கி 5 பாகையும் சாய்ந்த இரு கேமராக்களைக் கொண்டிருந்தது. ஒரே பயணத்தில் ஒரே நிலத்தை இரு கோணங்களில் படமெடுத்து, இந்திய நிலப்பரப்பின் உயர மாதிரிகளை உருவாக்க அது உதவியது.

கண்ணின் இடத்தில் நிரல்

ஒத்த புள்ளிகளைக் கண்டறியும் வேலை நெடுங்காலம் மனிதக் கண்ணிடமே இருந்தது. அதை மாற்றியது கணினிப் பார்வைத் துறை. 1981இல் ஃபிஷ்லரும் போல்ஸும் தவறான பொருத்தங்கள் நிறைந்த குவியலிலிருந்து சரியானவற்றைப் பிரித்தெடுக்கும் ரான்சாக் வழிமுறையை வெளியிட்டனர். 1999இல் கனடாவின் டேவிட் லோ, சிஃப்ட் என்னும் முறையை அறிமுகப்படுத்தினார். படம் சுழன்றாலும் அளவு மாறினாலும் மாறாத அடையாளப் புள்ளிகளை இது கண்டறியும். ஒவ்வொரு புள்ளியின் சுற்றுப்புறத்தையும் 128 எண்களாகக் குறிக்கும். மறு படத்தில் இந்த எண்களுக்கு மிக நெருங்கிய புள்ளி எதுவோ அதுவே ஒத்த புள்ளி.

லோ ஒரு கட்டுப்பாட்டையும் சேர்த்தார். மிக நெருங்கிய புள்ளியும் அதற்கு அடுத்த நெருங்கிய புள்ளியும் ஏறக்குறைய ஒரே அளவு ஒத்திருந்தால், அந்தப் பொருத்தத்தை ஏற்கக்கூடாது. இரண்டு பேரும் ஒரேமாதிரி இருந்தால் எவர் உண்மையானவர் என்று சொல்லமுடியாது என்ற எளிய நியாயம்தான் இது. ஒரேமாதிரியான பொருட்கள் நிறைந்த நிலங்களில் மென்பொருள் தடுமாறுவதற்கான காரணமும் இங்கேதான் உள்ளது.

2006இல் நோவா ஸ்னேவ்லி, ஸ்டீவன் சைட்ஸ், ரிச்சர்ட் ஸெலிஸ்கி ஆகியோர் சுற்றுலாப் பயணிகள் எடுத்த வரிசையற்ற படங்களிலிருந்து கட்டடங்களின் முப்பரிமாண வடிவை மீட்டனர். 2010இல் ரஷ்யாவின் அஜிசாஃப்ட் நிறுவனம் போட்டோஸ்கேன் மென்பொருளை வெளியிட்டது. அது பின்னர் மெட்டாஷேப் எனப் பெயர் மாறியது. 2011இல் சுவிட்சர்லாந்தில் பிக்ஸ்4டி தொடங்கப்பட்டது. கோல்மேப், ஓபன்ட்ரோன்மேப், மிக்மேக் ஆகிய கட்டற்ற மென்பொருள்களும் வந்தன. ஒரு காலத்தில் பெரும் அரசு நிறுவனங்களால் மட்டுமே செய்யமுடிந்த பணி ஒரு மடிக்கணினிக்குள் அடங்கியது.

திருப்பூர் நிலமும் பொருந்தாத படங்களும்

திருப்பூர் 2009இல் தனி மாவட்டமாயிற்று. 1980களிலிருந்து பின்னலாடை ஏற்றுமதி வளர்ந்தபோது நகரைச் சுற்றியிருந்த வயல்களிலும் மேட்டுநிலங்களிலும் பனியன் கம்பெனிகளும் சாயப்பட்டறைகளும் எழுந்தன. தெற்கே உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள், பல்லடம் வட்டாரத்தில் கறிக்கோழிப் பண்ணைகளும் காற்றாலைகளும், காங்கேயம் பக்கம் கிளுவை வேலியிட்ட கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்கள் என இம்மாவட்டம் பல முகங்கள் கொண்டது. வான்படப் பொருத்தத்துக்கு இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு தனிச் சிக்கலைத் தரும்.

கூரைகள்: தகரமும் சிமெண்ட் ஷீட்டும் வேய்ந்த கூரைகள் ஒரே அலைவடிவம் கொண்டவை. கோழிப்பண்ணைக் கொட்டகைகள் ஒரே நீளத்தில் இணையாக நிற்பவை. கூரைமேல் உள்ள சூரியத் தகடுகளும் அப்படியே. லோவின் கட்டுப்பாட்டின்படி மென்பொருள் இங்குள்ள புள்ளிகளில் பெரும்பாலானவற்றைத் தள்ளிவிடும். தள்ளாமல் விட்டால் அதைவிடக் கேடு. ஒரு வரிசை முழுவதுமே அடுத்த வரிசையோடு பொருந்திவிடும். கோடுபோட்ட துணியைத் தைப்பவர்களுக்கு இது புரியும். இரு துண்டுகளையும் ஒரு கோடு தள்ளித் தைத்தாலும் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்தே தெரியும். வெட்டும்போது போட்ட நாட்ச் அடையாளத்தைப் பார்த்தால்தான் துண்டு தள்ளியிருப்பது விளங்கும்.

வெண்மை: வெளுத்த துணி காயும் இடங்களும் வெயிலில் மின்னும் புதிய தகரமும் படத்தில் வெறும் வெண்மையாகப் பதிகின்றன. வெண்மைக்குள் அடையாளப் புள்ளி எதுவும் கிடைக்காது.

நீர்: குளங்கள், சுத்திகரிப்பு நிலையத் தொட்டிகள், பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனக் கால்வாய்கள் ஆகியவற்றின் நீர்ப்பரப்பு நொடிக்கு நொடி மாறுவது. வெயிலின் எதிரொளி ஒவ்வொரு படத்திலும் வேறிடத்தில் விழும். முழுவதும் நீர் மட்டுமே உள்ள படம் பொருந்துவதே இல்லை.

அசைவு: தென்னை ஓலைகள் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் அசைந்துவிடுகின்றன. காற்றாலை இறக்கைகளும் அவற்றின் நிழல்களும் அப்படியே. ட்ரோன் தாழப் பறந்தால் ஓலைகள் தனித்தனியாகத் தெரிந்து சிக்கல் மிகும்.

பழைய படங்கள்

ஒரு நிலம் எப்படி மாறியது என்பதை அறியப் பழைய வான்படங்களும் பயன்படுகின்றன. அமெரிக்காவின் கொரோனா உளவு செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை உலகின் பெரும்பகுதியைப் படச்சுருளில் பதிவுசெய்தன. படச்சுருள் அடங்கிய கலங்கள் பாராசூட்டில் இறங்கும்போது விமானங்கள் அவற்றை நடுவானில் பிடித்தன. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அப்படங்கள் 1995இல் பொதுப் பயனுக்கு விடப்பட்டன. பின்னலாடை ஏற்றுமதி பெருகுவதற்கு முந்தைய காலத்தின் நிலப்பயன்பாட்டை இத்தகைய படங்களில்தான் காணமுடியும்.

இவற்றைப் பொருத்துவது இன்னும் கடினம். கொரோனா கேமரா படச்சுருளில் நிலத்தைப் பக்கவாட்டில் வருடிப் பதிவுசெய்தது. இன்றைய மென்பொருள்கள் ஒரே நொடியில் முழுச் சட்டமும் பதிவாவதாகக் கொள்கின்றன. ஆகவே அதற்கென்று தனிக் கணித மாதிரி தேவை. விமானத்தில் எடுத்த பழைய படங்களில் ஓரங்களில் உள்ள பொருத்தக் குறிகள் கேமராவின் அளவைத் தெரிவிப்பவை. வருடிப் பதியும்போது ஓரங்களை வெட்டிவிட்டால் அச்செய்தி போய்விடும். சுருளின் கீறலும் தூசியும் மென்பொருளுக்கு அடையாளப் புள்ளிகளாகத் தோன்றும்.

ஐம்பது ஆண்டு இடைவெளியுள்ள இரு படங்களைப் பொருத்த, இடைப்பட்ட காலத்தில் நகராத பொருட்கள் வேண்டும். கொங்குப் பகுதியில் பழங்கோயில்கள், பாறையை வெட்டி இறக்கிய சதுரக் கிணறுகளின் மூலைகள், குளக்கரை மதகுகள் ஆகியவை அத்தகையவை. நூல்மில்லும் சாலையும் மாறிய இடத்திலும் தூர்ந்துபோகாத ஒரு கிணறு இரண்டு காலங்களையும் இணைத்துவிடும். ஆனால் பழைய படத்தில் கருஞ்சதுரமாகத் தெரிவது அதே கிணறுதானா என்பதை அறிய ஊரின் முதியவர்களிடமும் நில ஆவணங்களிலும் கேட்டறிய வேண்டியிருக்கும்.

பொருந்தியும் தவறிய படங்கள்

பொருந்தாத படம் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். மென்பொருள் அதை விலக்கிவிடும், வரைபடத்தில் ஓட்டை விழும், மீண்டும் பறந்து படமெடுக்கலாம். பொருந்திவிட்டதாக மென்பொருள் அறிவித்து, உண்மையில் தவறாகப் பொருந்திய படமே கேடு விளைவிப்பது.

இதில் நன்கு அறியப்பட்டது குவிமாடப் பிழை. ட்ரோன் நேர்கீழாக மட்டும் படமெடுத்து, லென்ஸின் வளைவை மென்பொருளே கணக்கிட்டுக்கொள்ளும்போது, அந்த வளைவைப் பற்றிய சிறு பிழை நிலத்தின் வளைவாக மாறிவிடும். சமதளம் குவிமாடமாகவோ கிண்ணமாகவோ தோன்றும். படங்கள் ஒன்றோடொன்று மிக நன்றாகப் பொருந்தியிருக்கும். மென்பொருள் தரும் பிழை அளவும் சிறியதாகவே இருக்கும். மைக் ஜேம்ஸ், ஸ்டூவர்ட் ராப்சன் ஆகிய ஆய்வாளர்கள் 2014இல் இதை விரிவாக ஆராய்ந்தனர். சாய்கோணப் படங்களைச் சேர்த்தால் பிழை பெரிதும் குறையும் என்று காட்டினர்.

திருப்பூர் போன்ற சமநிலத்தில் இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நகரின் அருகிலுள்ள நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. அதன் பரப்பு ஏறக்குறைய 125.86 ஹெக்டேர். இவ்வளவு பரப்பில் சராசரி உயரம் 10 சென்டிமீட்டர் தவறினால் கொள்ளளவுக் கணக்கு ஏறக்குறைய 1,25,860 கனமீட்டர் தவறும். அதாவது 12 கோடி லிட்டருக்கும் மேல். தூர்வாரும் மண்ணின் அளவு, குளம் கொள்ளும் நீர், கரையின் எல்லை ஆகிய எதைக் கேட்டாலும் இத்தவறு விடையில் கலந்திருக்கும்.

நொய்யல் வட்டாரத்தில் இது ஏட்டளவிலான கவலை அல்ல. பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறியது. உழவர்களின் வழக்குகள் நீண்டன. கழிவுநீரை வெளியேற்றாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது. நீரும் நிலமும் வழக்கின் பொருளாகும் இடத்தில், எவ்வளவு பரப்பு, எவ்வளவு ஆழம், யாருடைய நிலம் என்னும் கேள்விகள் எழுகின்றன. அழகாகத் தெரியும் வரைபடம் இக்கேள்விகளுக்குப் போதாது. அதன் பிழை எவ்வளவு என்றும் சொல்லப்பட வேண்டும்.

உயரத்தில் இன்னொரு பொறியும் உண்டு. ஜிபிஎஸ் தரும் உயரம் பூமியின் கணித வடிவத்திலிருந்து அளக்கப்படுவது. பொதுப்பணித்துறையின் மட்டக்குறிகள் கடல்மட்டத்திலிருந்து அளக்கப்படுபவை. தென்னிந்தியாவில் இவ்விரண்டுக்கும் வேறுபாடு ஏறக்குறைய 90 மீட்டர். ஒரு திட்டத்தின் சில புள்ளிகளில் ஒரு முறையும் மற்றவற்றில் இன்னொரு முறையும் கலந்துவிட்டால் பொருத்தம் முழுவதும் குலைந்துவிடும்.

கையாளும் முறைகள்

கடினமான படங்களைப் பொருத்துவதற்குப் பயன்படும் முறைகள் பெரும்பாலும் பறப்பதற்கு முன்பே தொடங்குபவை.

மேற்படிவைக் கூட்டுதல்: ட்ரோன் அளவீட்டில் பொதுவாக முன்னோக்கி 75 முதல் 80 விழுக்காடும் பக்கவாட்டில் 60 முதல் 70 விழுக்காடும் மேற்படிவு வைக்கப்படுகிறது. தோப்புகளிலும் ஒரேமாதிரியான கூரைகளுக்கு மேலும் இது 85 விழுக்காடு அல்லது அதற்கு மேல் உயர்த்தப்படுகிறது.

உயரப் பறத்தல்: உயரம் கூடினால் ஒவ்வொரு படத்திலும் சாலை, கிணறு, வேலி, கரை என ஏதேனும் ஒரு தனித்த அடையாளம் விழும் வாய்ப்பு கூடுகிறது. குளத்தின்மேல் பறக்கும்போது ஒவ்வொரு படத்திலும் கரையின் ஒரு பகுதி வருமாறு வரிசைகள் அமைக்கப்படுகின்றன.

நேரம் தெரிதல்: காற்று அடங்கிய காலைநேரம் தென்னந்தோப்புக்கு ஏற்றது. நீண்ட இடைவெளி விட்டுப் பறந்தால் நிழல்கள் இடம்மாறிப் பொருத்தம் கெடும்.

மென்பொருளில் செய்வன: மெட்டாஷேப் மென்பொருளில் உயர் துல்லியம் என்ற தெரிவு படத்தை முழு அளவில் ஆராயும். நடுத்தரத் தெரிவு ஒவ்வொரு பக்கத்தையும் பாதியாகச் சுருக்கி ஆராயும். தோப்புகளுக்குப் பலமுறை நடுத்தரமே கூடுதலான படங்களைப் பொருத்துகிறது. சுருக்கும்போது அசையும் ஓலைகள் மறைந்து மரத்தின் மொத்த வடிவம் எஞ்சுவதே காரணம். நீர்ப்பரப்பையும் காற்றாலை இறக்கைகளையும் மறைத்துவிட்டு ஆராயச் செய்யலாம். பொருந்தாத படங்களை மட்டும் மீட்டமைத்து, சில இணைப்புப் புள்ளிகளைக் கையால் குறித்து மறுபடி பொருத்தலாம். இந்நிலையில் மனிதக் கண் குரூபரின் காலத்து வேலைக்கே திரும்புகிறது.

நிலப்புள்ளிகள்: நிலத்தில் அட்டைக் குறிகளோ சுண்ணாம்புக் குறிகளோ இட்டு, அவற்றின் இடத்தை டிஜிபிஎஸ் கருவியால் அளந்து, படத்தில் குறிக்கிறார்கள். இவை நிலப்பகுதியின் ஓரங்களிலும் நடுவிலும் பரவலாக அமைய வேண்டும். இவற்றுள் சில பொருத்தத்துக்குப் பயன்படுத்தப்படாமல் ஒதுக்கிவைக்கப்படும். பொருத்தம் முடிந்தபின், வரைபடம் அப்புள்ளிகளுக்குச் சொல்லும் இடமும் உண்மையில் அளந்த இடமும் ஒப்பிடப்படும். அந்த வேறுபாடே வரைபடத்தின் உண்மையான பிழை.

துல்லிய ஜிபிஎஸ் பொருத்திய ட்ரோன்கள் நிலப்புள்ளிகளின் தேவையைக் குறைத்துள்ளன. ஆயினும் ஒதுக்கிவைத்த சரிபார்ப்புப் புள்ளிகளின் தேவையை அவை நீக்கவில்லை.

சட்டமும் இன்றைய நிலையும்

இந்தியாவில் நெடுங்காலம் வான்படம் எடுக்கப் பாதுகாப்புத் துறையின் அனுமதி தேவைப்பட்டது. எடுத்த படங்களைப் பெறுவதும் எளிதாக இருக்கவில்லை. 2021 பிப்ரவரி 15 அன்று வெளியான புவியிடத் தரவு வழிகாட்டுதல்கள் இந்திய நிறுவனங்களுக்கு முன்அனுமதித் தேவையைப் பெருமளவு நீக்கின. அதே ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று ட்ரோன் விதிகள் வெளியாயின. வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. சூலூரில் விமானப்படைத் தளம் இருப்பதால் அதைச் சுற்றியுள்ள ஊர்களில் பறப்பதற்கு முன்பு மண்டல வரைபடத்தைப் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்ட ஸ்வாமித்வா திட்டத்தில் சர்வே ஆஃப் இந்தியா ட்ரோன்களைக் கொண்டு ஊர்க்குடியிருப்பு நிலங்களை அளக்கிறது. தமிழ்நாட்டில் நிலத்தின் எல்லைக்கு ஆதாரமாக இருப்பவை சங்கிலியால் அளந்து வரையப்பட்ட புலப்படங்களும் அ-பதிவேடும். வான்படத்தில் தெரியும் கிளுவை வேலி, புலப்படத்தில் உள்ள எல்லைக்கோட்டின்மேல் விழாமல் ஒரு மீட்டர் தள்ளி விழலாம். வேலி நகர்ந்ததா, பழைய அளவு தவறா, படம் தவறாகப் பொருந்தியதா என்னும் மூன்று விடைகளும் அப்போது சாத்தியம். சரிபார்ப்புப் புள்ளிகளின் கணக்கு கையில் இருந்தால் மூன்றாவதை விலக்கிவிட்டு மற்ற இரண்டையும் ஆராயலாம். இல்லையென்றால் வழக்கு வளரும்.

2018க்குப் பின் ஆழ்கற்றல் வழியே பயிற்சிபெற்ற சூப்பர்பாயிண்ட், சூப்பர்குளூ, லைட்குளூ ஆகிய முறைகள் வந்துள்ளன. பருவம் மாறிய படங்களிலும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களிலும் ஒத்த புள்ளிகளைக் கண்டறிவதில் இவை சிஃப்ட் முறையைவிடப் பல இடங்களில் திறன்மிக்கவை. முன்பு பொருந்தாத பல படங்கள் இவற்றால் பொருந்துகின்றன. ஆனால் ஒரேமாதிரியான இரு கூரைகளுள் எது எது என்பதைப் படத்தில் உள்ள செய்தியே சொல்லவில்லையெனில் எந்த முறையாலும் உறுதியாகச் சொல்லமுடியாது.

முக்கியத்துவம்

லாம்ப்டன் பெங்களூரில் அளந்த இரண்டாம் அடிக்கோடு, குரூபரின் ஆறாவது புள்ளி, ட்ரோன் அளவையாளர் ஒதுக்கிவைக்கும் சரிபார்ப்புப் புள்ளி ஆகிய மூன்றும் ஒரே வேலையைச் செய்பவை. வரைபடம் உருவாக இவை தேவையில்லை. வரைபடத்தை நம்பத் தேவை. முன்பு கருவியும் உழைப்பும் கடினமாக இருந்ததால் சோதிக்கும் பழக்கம் பணியோடு இணைந்தே இருந்தது. இன்று பொத்தானை அழுத்தினால் வரைபடம் வந்துவிடுவதால் சோதனையைத் தவிர்ப்பதும் எளிதாகியுள்ளது.

இத்துறையைக் கற்கும் மாணவர் எந்த வான்பட வரைபடத்தைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். எத்தனை படங்களில் எத்தனை பொருந்தின? நிலப்புள்ளிகள் எங்கெங்கே இடப்பட்டன? பொருத்தத்தில் சேர்க்காமல் ஒதுக்கிய புள்ளிகளில் பிழை எவ்வளவு? மூன்றாவதற்கு விடை தரப்படாத வரைபடத்தை நிலத்தைக் காணப் பயன்படுத்தலாம். குளத்தின் கொள்ளளவுக்கோ வேலியின் எல்லைக்கோ அதைச் சான்றாகக் கொள்ளமுடியாது.